கைப்பேசியில் தட்டினால் பம்பு ஓட வேண்டும்: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

பகலில் எனக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதும் வேலை. சனிக்கிழமை சாயங்காலமானால் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்), தே தாரிக் கிளாஸுக்கும் பிரெட்போர்டுக்கும் (மின் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) நடுவில் உட்கார்ந்திருப்பேன். கைப்பேசியால் இயங்கும் கருவி செய்ய உதவி கேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், கோயில் தண்ணீர்த் தொட்டிப் பம்பைக் கைப்பேசியில் ஓட்ட ஆசைப்படும் அங்கிள் வருவார், கொண்டோ பால்கனியில் கறிவேப்பிலை வளர்க்கும் அக்காவும் வருவார். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று தோன்றியது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. செயலி செய்ய முடியுமா?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: செயலி தேவையா? ஒரு விளக்கையோ பம்பையோ ஆன், ஆஃப் செய்ய, அதை இயக்கும் சின்னக் கணினிப் பலகையான போர்டே ஒரு சின்ன இணையப் பக்கத்தை வழங்கினால் போதும். கைப்பேசியின் பிரவுசரில் அதன் முகவரியைத் திறந்தால் இரண்டு பட்டன் தெரியும். வெளியிலிருந்தும் இயக்க வேண்டுமென்றால் ஒரு டெலிகிராம் பாட் செய்துகொள்ளலாம். "பம்பு ஓடு" என்று செய்தி அனுப்பினால் போர்டு படித்துக்கொள்ளும். அந்தக் கோயில் அங்கிளுக்குக் கடைசியில் செய்து கொடுத்தது இதுதான். தனிச் செயலி இல்லாததால் புதுக் கைப்பேசி வாங்கும்போதும் அவருக்குத் தொல்லையில்லை.

இல்லை, செயலிதான் வேண்டும் என்றால் எம்.ஐ.டி ஆப் இன்வென்டரில் தொடங்குங்கள். கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் செயலி வந்துவிடும், புளூடூத்துக்கும் அதில் கட்டங்கள் உண்டு. அதற்கு மேல், நிரல் எழுதும் அளவுக்குப் போக விரும்பினால் இரண்டு வகைக் கைப்பேசிக்கும் ஃபிளட்டர், இல்லையென்றால் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழி, ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழி. ஐபோன் செயலியைக் கட்டியெடுக்க எக்ஸ்கோட் என்ற மென்பொருள் ஓடும் மேக் கணினி வேண்டும். இதைத் தெரியாமல் பாதி வழி வந்து நின்றவர்கள் நிறைய.

எந்த போர்டு வாங்குவது? எங்கே கிடைக்கும்?

கைப்பேசியோடு பேசுவதற்கு ஈஎஸ்பி32. சுமார் 20 முதல் 40 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கும். ஆனால் பெயரின் வாலைப் பாருங்கள். பழைய சாதா ஈஎஸ்பி32-இல் பழைய வகை, குறைமின் வகை என இரண்டு புளூடூத்தும் உண்டு. எஸ்3, சி3 இரண்டிலும் பி.எல்.இ எனப்படும் குறைமின் புளூடூத் மட்டும். எஸ்2-வில் புளூடூத்தே கிடையாது. விலை குறைவு என்று எஸ்2 வாங்கிக்கொண்டு வந்து "ஸ்கேனில் வரமாட்டேங்குது அண்ணே" என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்த தம்பி ஒருவர் உண்டு. நானும் அரை மணி நேரம் கூடவே பிய்த்தேன்.

கோலாலம்பூரில் நேரில் வாங்க புடு பக்கம் ஜாலான் பாசார். ரெஸிஸ்டர், ரிலே (சிக்னல் வந்தால் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), வயர் என்று சில்லறையாகக் கிடைக்கும் கடைகள் வரிசையாக உண்டு. இணையத்தில் வாங்குவதென்றால் பினாங்கைச் சேர்ந்த சைட்ரோனில் போர்டுகளும் பாடங்களும் கிடைக்கும். லோ யாட் பிளாசா கணினிக்கும் கைப்பேசிக்கும் சரி, உதிரி பாகத்துக்கு அங்கே அலைய வேண்டாம்.

கூடவே நல்ல யூ.எஸ்.பி கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு போகாது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ போர்டு இருப்பதே தெரியாது. என்னிடம் வரும் "போர்டு செத்துவிட்டது" கேஸ்களில் பல, கேபிளை மாற்றியதும் பிழைத்துக்கொண்டவை.

புளூடூத்தா, வைஃபையா?

பக்கத்தில் நின்று இயக்க புளூடூத், வீட்டுக்குள் எங்கிருந்தும் இயக்க வைஃபை, ஊரிலிருந்து இயக்க வைஃபையோடு நடுவில் ஒரு சர்வர். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நடுவில் வைக்கும் சர்வருக்கு எம்.கியூ.டி.டி என்ற முறை நன்றாக ஒத்துவரும். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது அது. குறைந்த தரவில், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பிலும் வேலை செய்யவேண்டும் என்பதே நோக்கம். நம் வீட்டு வைஃபைக்கும் பொருத்தம்தான். ஒன்றே ஒன்று, சோதனைக்கென்று இலவசமாக விட்டிருக்கும் பொது புரோக்கரில் (அந்த நடு சர்வரின் பெயர்) "வீடு/விளக்கு" என்று தலைப்பு வைத்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் விளக்கைத் தட்டலாம். கடவுச்சொல்லோடு சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.சி-05 புளூடூத் மாடியூல் ஐபோனில் தெரியவே இல்லையே?

தெரியாது. அது பழைய வகைப் புளூடூத் சீரியல். அந்த வழியில் ஐபோன் செயலியோடு பேச, சாதனம் ஆப்பிளின் சாதன அனுமதித் திட்டமான எம்.எஃப்.ஐ-யில் சேர்ந்திருக்க வேண்டும். எச்.எம்-10 போன்ற பி.எல்.இ மாடியூலுக்கோ ஈஎஸ்பி32-க்கோ மாறிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லை. எங்கே பிழை?

இந்தக் கேள்விதான் பாதி சனிக்கிழமையைச் சாப்பிடுகிறது. கைப்பேசி ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம், நடுவில் காற்று. மூன்றில் எங்கே பழுது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக நோண்டினால் நல்லதும் கெட்டுப்போகும். செயலியில் ஒரு வரி மாற்றுவார்கள், வயரைப் பிடுங்கி வேறு பின்னில் (இணைப்பு முனையில்) குத்துவார்கள், லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) அப்டேட் செய்வார்கள். பிறகு திடீரென்று வேலை செய்யும், எதனால் என்று தெரியாது. மறுநாள் மறுபடி நிற்கும்.

நான் செய்வது இப்படி. முதலில் கைப்பேசியை ஓரமாக வைத்துவிடுவேன். போர்டைக் கணினியில் செருகி, சீரியல் மானிட்டரில் (போர்டோடு எழுத்தில் பேசும் ஜன்னல்) 1 என்று தட்டினால் ரிலே "டிக்" என்று சொடுக்குகிறதா? சொடுக்கவில்லையென்றால் செயலியைத் திறக்கவே தேவையில்லை. மானிட்டரில் பிரவுன்அவுட் டிடெக்டர் என்று ஒரு வரி வந்து போர்டு மறுபடி மறுபடி தொடங்கினால், மின்சாரம் போதவில்லை. சர்வோ மோட்டாரை போர்டிலிருந்தே ஓட்டியிருப்பீர்கள். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பி) சேர்த்துக் கட்டுங்கள். அந்த கிரவுண்டை மறப்பவர்கள்தான் அதிகம். மண் ஈரம் பார்க்கும் சென்சார் தனியாக இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, வைஃபையை இணைத்ததும் உளறுகிறதா? ஈஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது ஏ.டி.சி2 தொகுதியின் பின்களால் சென்சார் அளவைப் படிக்க முடியாது. சென்சார் வயரை 32-லிருந்து 39-க்குள் உள்ள பின் ஒன்றுக்கு மாற்றினால் சரியாகிவிடும். கறிவேப்பிலை அக்காவின் செடி இதனால்தான் இரண்டு நாள் தண்ணீரில் மிதந்தது.

போர்டு சரி என்று தெரிந்ததும் நடுப்பகுதி. உங்கள் செயலியை இன்னும் திறக்காதீர்கள். நோர்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப் கனெக்ட் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள பி.எல்.இ சாதனங்களை எல்லாம் அது காட்டும், இணைத்து மதிப்பையும் எழுதலாம். அதிலிருந்து ரிலே சொடுக்கினால் போர்டும் காற்றும் நலம், குற்றவாளி உங்கள் செயலி. வைஃபை என்றால் இதே வேலையைப் பிரவுசர் செய்யும்.

இப்போதுதான் செயலி. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் ஸ்கேனுக்கும் இணைப்புக்கும் "அருகிலுள்ள சாதனங்கள்" அனுமதியைப் பயனரிடம் கேட்டுப் பெறவேண்டும். 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி வேண்டும், இருப்பிடமும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: 30 வினாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் ஸ்கேனைத் தொடங்கினால், ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் பட்டியலைக் காலியாக விட்டுவிடும். அவசரத்தில் பட்டனைத் தட்டத் தட்ட நிலைமை மோசமாகும். கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம், இதையெல்லாம் எமுலேட்டரில் சோதிக்க வேண்டாம், உண்மையான கைப்பேசிதான் வேண்டும்.

கேள்வியை எப்படி அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்?

என் வாட்ஸ்அப்புக்கு வந்த ஒன்று: "அண்ணே புளூடூத் கனெக்ட் ஆகல, அவசரம், நாளைக்கு பிரசன்டேஷன்." கூடவே திரையைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் ஒன்று, பாதி வெளிச்சம் அடித்திருந்தது. இதற்கு நான் என்ன சொல்ல? எந்த போர்டு, எந்தக் கைப்பேசி என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குள் இரவு பதினொன்று ஆகிவிட்டது.

அதே தம்பி இரண்டு மாதம் கழித்து அனுப்பியது: "போர்டு ஈஎஸ்பி32 டெவ்கிட். கைப்பேசி ஆண்ட்ராய்டு 13. என்.ஆர்.எஃப் கனெக்டிலிருந்து 1 எழுதினால் ரிலே சொடுக்குகிறது. என் செயலியில் ஸ்கேன் பட்டனைத் தட்டியதும் மூடிக்கொள்கிறது. லாக்கேட்டில் செக்யூரிட்டி எக்செப்ஷன் என்று வருகிறது, வரியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் ஆண்ட்ராய்டு 10 கைப்பேசியில் இதே செயலி ஓடுகிறது." நான் காரில், தானியங்கி கேட் திறக்கக் காத்திருந்தபடியே பதில் போட்டேன்: "ஸ்கேன் அனுமதியை ஓடும்போது கேட்கவில்லை, கேளு." முடிந்தது. (கார் நின்றுகொண்டுதான் இருந்தது.)

நிரலையும் பிழைச் செய்தியையும் எழுத்தாக ஒட்டுங்கள், படமாக வேண்டாம். படம் வேண்டியது வயரிங்குக்கு மட்டும், மேலிருந்து நேராக, வெளிச்சத்தில். முழு நிரலையும் கொட்டாமல், பிழை தெரியும் அளவுக்குச் சுருக்கி அனுப்புங்கள். சுருக்கும்போதே பிழையைக் கண்டுபிடித்து "வேண்டாம் அண்ணே, கிடைச்சிருச்சு" என்பவர்கள் உண்டு. ஒட்டுவதற்கு முன் வைஃபை கடவுச்சொல்லையும் டெலிகிராம் டோக்கனையும் (பாட்டின் ரகசியச் சாவி) அழித்துவிடுங்கள்.

சாதனப் பெயரைத் தமிழில் அனுப்பினால் கடைசி எழுத்து கெட்டுப்போகிறதே?

எனக்குப் பிடித்த பிழை இது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை செய்த செயலியில், போர்டு தன்னிடமுள்ள கருவிகளின் பெயரைக் கைப்பேசிக்கு அனுப்பும். "பம்பு" அழகாக வந்தது. "விளக்கு" மட்டும் "விளக்க" என்று வந்து, பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி நின்றது. எழுத்துரு பிரச்சினை என்று நினைத்து அவர் மூன்று எழுத்துரு மாற்றிப் பார்த்துவிட்டார்.

விரல் விட்டு எண்ணுங்கள். கணினிக்கு "விளக்கு" என்பது வ, இகரக் குறி, ள, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஏழு குறியீடு. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆக 21 பைட். பி.எல்.இ இணைப்பில் ஒரு பொட்டலத்தின் தொடக்க அளவு 23 பைட். அதில் 3 தலைப்புக்குப் போக, அறிவிப்பாக அனுப்ப மிஞ்சுவது 20. ஒரே ஒரு பைட் வெளியே நின்றுவிட்டது. உகரக் குறியில் மூன்றில் இரண்டு பங்குதான் போய்ச் சேர்ந்தது, கைப்பேசிக்கு அது என்னவென்று புரியவில்லை. "பம்பு" 15 பைட், அதனால் தப்பித்தது.

செயலியிலும் போர்டிலும் எம்.டி.யு எனப்படும் அந்தப் பொட்டல அளவைக் கூட்டலாம், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். நான் சொன்னது வேறு: போர்டு 1, 2 என்று எண்ணை மட்டும் அனுப்பட்டும், தமிழ்ப் பெயர் செயலிக்குள் இருக்கட்டும். கைப்பேசிக்குத் தமிழ் காட்ட நன்றாகவே தெரியும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தமிழ் எழுதும் மென்பொருளான முரசு அஞ்சலைத் தொடங்கிய காலத்தில் இதெல்லாம் எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். போர்டில் ஒட்டும் சின்ன ஓலெட் திரையில்தான் அந்தப் பாடு இன்னும் மிச்சமிருக்கிறது. வழக்கமான லைப்ரரிகளுக்கு கொம்பும் புள்ளியும் சேர்த்து எழுதத் தெரியாது. அங்கே தமிழ்ச் சொல்லைப் படமாக மாற்றி வைப்பதுதான் வழி.

போர்டு வைஃபையில் இணைகிறது. செயலிதான் பேசவில்லை?

பிரவுசரில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை என்றால், பூட்டில்லாத எச்.டி.டி.பி இணைப்பை ஆண்ட்ராய்டு 9 முதல் செயலிகளுக்கு வழக்கமாகத் தடுப்பதுதான் காரணமாக இருக்கும். செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். ஐபோனில் 14-ஆம் பதிப்பு முதல் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி தனியாக உண்டு, முதல் தடவை "வேண்டாம்" என்று தட்டியிருந்தால் செட்டிங்ஸில் போய்த் திருத்துங்கள்.

போர்டே வைஃபை கொடுக்கும் அமைப்பென்றால், 192.168.4.1 திறக்காததற்கு இன்னொரு காரணம்: அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் கைப்பேசி தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துப் பாருங்கள்.

போர்டே இணையவில்லையா? ஈஎஸ்பி32, எஸ்3, சி3 எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் 5 மட்டும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடி மழையில் கரண்ட் போய் வந்த பிறகு போர்டு இணைவதில்லையே?

நம்ம ஊர் சாயங்கால மழைக்கு இது கட்டாயம் வரும். கரண்ட் வந்ததும் போர்டு ஓரிரு வினாடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழுந்து நிற்க நிமிடக் கணக்கில் ஆகும். போர்டு வைஃபையைத் தேடும், காணோம், நிரலில் ஒரு முறைதான் முயற்சி செய்யச் சொல்லியிருப்பீர்கள். அதோடு விட்டுவிடும். லூப்புக்குள் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சில வினாடிக்கு ஒருமுறை மறுபடி முயலும்படி எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், போர்டு எழும்போது ரிலே எந்த நிலையில் இருக்கிறது என்பது. கடைகளில் கிடைக்கும் பல ரிலே மாடியூல்கள் சிக்னல் இறங்கினால் ஆன் ஆகும் வகை. நடு இரவில் கரண்ட் வந்து பம்பு தானாக ஓடி, தொட்டி நிரம்பி வழிந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். என் வீடுதான்.

240 வோல்ட்டை நேராக ரிலேயில் கட்டலாமா?

ரிலேயின் நீல டப்பாமேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத் தைரியம் வேண்டாம். மோட்டார் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால், செயலியில் எத்தனை முறை "நிறுத்து" தட்டினாலும் பம்பு நிற்காது. பெரிய பம்புக்கு ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் பம்பை இயக்கட்டும். அந்தப் பகுதியைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். வீட்டு வயரிங்கில் நாமே கை வைப்பது சட்டப்படியும் சரியில்லை.

மாணவர்களுக்கு என் விதி: மேசைமேல் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 12 வோல்ட் பம்பும் தண்ணீர் ஊற்றும், பரிசோதகரும் மதிப்பெண் போடுவார்.

ஏஐ எழுதிக் கொடுத்த நிரலை நம்பலாமா?

நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பழையதையும் புதியதையும் கலக்கும். ஈஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ தொகுப்பு 2024-இல் 3.0-க்கு மாறியபோது எல்.இ.டி.சி செட்டப் என்ற கட்டளையை எடுத்துவிட்டு எல்.இ.டி.சி அட்டாச் என்று வைத்தார்கள். பழைய கட்டளையோடு எழுதித் தந்தால் கம்பைலர் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லும். கேட்கும்போதே உங்கள் பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள். பின் எண்களை மட்டும் போர்டின் படத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும்தான், அங்கே ரிலேயைக் கட்டச் சொல்லி எனக்கே ஒரு முறை வந்தது.

காசு கொடுத்து ஆளிடம் செய்யச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒரு முறை 25 அமெரிக்க டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் செய்பவரின் கணக்கிலேயே போடவிட்டார். ஆள் வேலை மாறிப் போய்விட்டார், செயலியில் ஒரு தொலைபேசி எண்ணைக்கூட இவரால் மாற்ற முடியவில்லை. மூல நிரல், கையொப்பச் சாவி, போர்டின் வயரிங் வரைபடம் மூன்றும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் பிளே கணக்கென்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வெளியிட நினைத்தால் அதைக் கணக்கில் வையுங்கள். வீட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு செயலிக்கு இதெல்லாம் வேண்டாம், ஏ.பி.கே என்ற செயலிக் கோப்பை நேராகப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் இலவசக் கணக்கில் போட்ட செயலி ஏழு நாள்தான் ஓடும், பிறகு மறுபடி மேக்கில் செருகிப் போடவேண்டும். சாதனத்தையே விற்கப் போகிறீர்கள் என்றால் மலேசியத் தகவல் தொடர்பு ஆணையமான எம்.சி.எம்.சி விதிப்படி சிரிம் சான்று பற்றி முதலிலேயே விசாரியுங்கள், ரேடியோ அலை விடும் எதற்கும் அது உண்டு.

நேரில் வந்து காட்டலாமா?

வாருங்கள். பையில் அடங்கவில்லை என்று வயரைப் பிடுங்கிவிட்டு வராதீர்கள். பிரெட்போர்டோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து அப்படியே கொண்டு வாருங்கள். செயலி ஓடும் அதே கைப்பேசி, நிரல் இருக்கும் மடிக்கணினி, வீட்டில் வேலை செய்த அதே கேபிள் மூன்றும் வேண்டும். மாமாக் கடையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அதுவும் ஃபேனுக்கு. சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.